ஒன்ராறியோவில ஏசி, ஃபேர்னஸ் வேலைக்கு இறங்கப் போறியளோ? எந்த லைசன்ஸ், எந்தப் பேர்மிற், எது முதல்

கிழமைக்கு ஒருத்தராவது போன் எடுத்துக் கேக்கினம், "அண்ணை, எச்விஏசி லைசன்ஸ் எடுக்க எங்க போகோணும், எவ்வளவு காசு முடியும்?" எண்டு. எச்விஏசி எண்டா வீட்டைச் சூடாக்கிற, குளிராக்கிற, காத்தோட்ட வேலை. கார் லைசன்ஸ் மாதிரி ஒரு கவுன்ரர்ல போய் நிண்டு எடுக்கிற சாமான் எண்ட நினைப்பு. அப்பிடி ஒரு பேரில ஒரு லைசன்ஸ் ஒன்ராறியோவில இல்லை. ஒரு வீட்டு பேஸ்மென்ற்ல நிக்கிற ஒரு ஃபேர்னஸை (காஸ் எரிச்சு வீட்டைச் சூடாக்கிற பெட்டி) எடுங்கோ, அதுக்குள்ள போற காஸ் பைப்புக்கு ஒரு கந்தோர், மேல இருக்கிற ஏசி கொயிலுக்குள்ள ஓடுற ரெஃப்ரிஜரன்றுக்கு (குளிராக்கிற பொருள்) இன்னொரு கந்தோர், பக்கத்தில வாற கரண்ட் வயருக்கு வேற ஆக்கள், டக்ற் (காத்துக் குழாய்) போற பாதைக்கு சிற்றி, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில இறங்கேக்க நாரி பிடிச்சா அதுக்கும் ஒரு கந்தோர். இதில எது முதல், எது பிறகு எண்டு தெரியாமல் இறங்கினா வருசக்கணக்கில மினக்கெட வேண்டிவரும், நான் மினக்கெட்டனான், அதால எழுதுறன்.

என்ர கதையைச் சுருக்கமா சொல்லிப்போட்டு விசயத்துக்கு வாறன். வந்த புதிசில தெரிஞ்ச ஒருத்தர் மூலம் ஒரு கொம்பனியில உதவியாளா சேந்தனான், கையில காசு, நல்ல மனுசன், வேலையும் வடிவா பழக்கினவர். 14 மாசம் செய்தன். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் எண்டு ஏறாத வீடில்லை. பிறகு ஒழுங்கா அப்பிரண்டிஸ்ஷிப் (பதிஞ்சு தொழில் பழகுறது) பதியப் போனா, அந்த 14 மாசத்தைக் காட்ட என்னட்ட ஒரு பேப்பர் இல்லை. பேய் ஸ்ரப் (சம்பளத் துண்டு) இல்லை, ரீ4 (வருசச் சம்பளச் சிட்டை) இல்லை, அவர் என்னைப் பதியவும் இல்லை. அவரிட்ட ஒரு கடிதம் கேட்டதுக்கு, "தம்பி, கடிதம் தந்தா எனக்கல்லோ பிரச்சினை வரும்" எண்டார். அவர் சொன்னது சரிதான். பூச்சியத்தில இருந்து தொடங்கினனான்.

அதால முதல் வேலை ரூல்ஸ், அதாவது வேலைச் சாமான், வாங்கிறது இல்லை. நீங்கள் எந்தப் பக்கம் போகப் போறியள் எண்டு முடிவெடுக்கிறது.

இஞ்ச ரெண்டு பாதை இருக்கு, கனபேர் ரெண்டையும் ஒண்டெண்டு நினைக்கினம். குழப்பத்துக்கு ஒரு காரணம் எங்கட பாசைதான். கட்டார், டுபாய், சவுதியில நிண்டு வந்த ஆக்களுக்கு "காஸ் அடிக்கிறது" எண்டா ஏசிக்கு ரெஃப்ரிஜரன்ற் ஏத்துறது. கனடாவில காஸ் எண்டா வீட்டைச் சூடாக்க எரியிற நச்சுரல் காஸ். "எனக்கு காஸ் வேலை தெரியும்" எண்டு சொல்லி இன்ரர்வியூவுக்குப் போய், அவை காஸ் பைப்பைக் காட்டேக்க முழிச்ச ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

ஏசி, ஹீற் பம்ப், பிறிட்ஜ் பக்கம், அதாவது ரெஃப்ரிஜரன்ற் ஓடுற எல்லாம், ட்ரேட் சேர்டிபிகேற் பக்கம். இதைப் பாக்கிறது ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ எண்ட அமைப்பு, 2022 ஜனவரி 1ல இருந்து. அதுக்கு முதல் ஒன்ராறியோ கொலிஜ் ஒஃப் ட்ரேட்ஸ் எண்டு இருந்தது, பழைய ஆக்கள் இப்பவும் அந்தப் பேரைத்தான் சொல்லுவினம், தேடி அலையாதேங்கோ. இதில ரெண்டு கோட் நம்பர் இருக்கு. 313ஏ எண்டது முழுசு, வீடு, கடை, சுப்பர்மார்க்கெற் ஃப்ரீசர், கட்டிடத்து கூரையில இருக்கிற பெரிய யூனிற் எல்லாம். 313டி எண்டது வீட்டு ஏசி மட்டும். ரெண்டும் கட்டாய ட்ரேட், அதாவது பதிஞ்ச அப்பிரண்டிஸாவோ சேர்டிபிகேற் உள்ள ஆளாவோ இல்லாமல் அந்த வேலையைத் தொடவே கூடாது. தொழில் அமைச்சின்ர இன்ஸ்பெக்ரர் சைற்றில வந்து கார்ட்டைக் கேக்கலாம், கேட்டும் இருக்கினம்.

ஃபேர்னஸ், போய்லர், வோட்டர் ஹீற்றர், காஸ் அடுப்பு, இது எல்லாம் டிஎஸ்எஸ்ஏ, அதாவது மாகாணத்தில காஸ் பாதுகாப்பைப் பாக்கிற அமைப்பின்ர பக்கம். காஸ் லைசன்ஸில ஜி3, ஜி2, ஜி1 எண்டு மூண்டு படி. 313 இருந்தா காஸைத் தொடேலாது, ஜி2 இருந்தா ஏசிக்கு ரெஃப்ரிஜரன்ற் லைன் போடேலாது. ஆனா ஒன்ராறியோ வீட்டில ரெண்டும் ஒரே பெட்டியிலதான் இருக்கு, ஏசி கொயில் ஃபேர்னஸின்ர தலையில. குளிர்காலத்தில ஃபேர்னஸ் கோல், வெயில்காலத்தில ஏசி கோல். வருசம் முழுக்க சொந்தமா வேலை செய்யோணும் எண்டா கடைசியில ரெண்டும் வேணும், இல்லாட்டி மற்றது வச்சிருக்கிற ஒருத்தரைக் கூட வச்சிருக்கோணும்.

எது முதல்? என்ர அபிப்பிராயம், குடும்பப் பாரம் இருக்கிற ஆக்கள் ஜி3, ஜி2 பக்கத்தால முதல் வரலாம், அது வகுப்பு முடிச்சு சோதினை எழுதுற வழி, கெதியா ஒரு கார்ட் கையில வரும். 20, 25 வயசுப் பெடியள் எண்டா 313ஏக்குப் போங்கோ, நீண்ட பாதைதான், ஆனா அது ரெட் சீல் ட்ரேட், அந்த முத்திரையோட அல்பேர்ட்டா, பிசி எங்க போனாலும் மதிப்பினம். 313டி நடுவில ஒண்டு, வீட்டு வேலை மட்டும் காணும் எண்டு தெளிவா இருக்கிற ஆக்களுக்குச் சரி, ஆனா பிறகு ஒரு பிளாசாவில கடை ஏசி செய்யக் கேட்டா "ஏலாது" எண்டு சொல்லவேணும், அது கஸ்டமா இருக்கும்.

சரி, 313ஏ எண்டு வைப்பம். மொத்தம் 9,000 மணித்தியாலம், ஏறத்தாழ அஞ்சு வருசம். அதில 720 மணித்தியாலம் வகுப்பு, எட்டுக் கிழமைப்படி மூண்டு தரம் போகோணும், மிச்சம் எல்லாம் வேலை. 313டி 4,500 மணித்தியாலம், பாதி. ரொறன்ரோவில ஜோர்ஜ் பிறவுண் மாதிரி கொலிஜுகளில வகுப்பு நடக்குது. வகுப்புக் காலத்தில சம்பளம் வராது, ஆனா தகுதி இருந்தா ஈஐ (வேலையில்லாக் காலக் காப்புறுதிக் காசு) எடுக்கலாம், அதுக்கும் சம்பளம் கணக்கில காட்டி இருக்கோணும், கையில காசு வாங்கின ஆளுக்கு ஈஐ எங்கால வரும்?

கொலிஜுக்குப் போய் முதல் சேருறதில்லை. முதல் ஸ்பொன்சர், அதாவது உங்களை வேலைக்கு எடுத்து அப்பிரண்டிஸ் எண்டு பதிய ஒப்புக்கொள்ளுற முதலாளி. அவரும் நீங்களும் ஒரு ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சு அது மாகாணத்தில பதிஞ்ச பிறகுதான் நீங்கள் அப்பிரண்டிஸ். இந்த ட்ரேட்டில ஒரு அப்பிரண்டிஸுக்கு ஒரு சேர்டிபிகேற் உள்ள ஆள் எண்ட கணக்கு இருக்கு, அதால ஒரு கொம்பனியில ஒரு லைசன்ஸ் ஆளும் நாலு "அப்பிரண்டிசும்" எண்டா அதில மூண்டு பேர் பேய்க்காட்டுப்படுகினம். வேலைக்குக் கேக்கேக்க வெக்கப்படாமல் மூண்டு கேள்வி கேளுங்கோ: என்னைப் பதிவியளோ, எப்ப பதிவியள், ஆரின்ர கார்ட்டுக்குக் கீழ நான் வேலை செய்யப் போறன். "முதல் ஆறு மாசம் பாப்பம்" எண்டு சொன்னா, ஒரு மாசம் பொறுங்கோ, அதுக்கு மேல வேற இடம் பாருங்கோ.

பதிஞ்ச பிறகு உங்களுக்கு ஒரு லொக்புக் இருக்கும், அதில ஒவ்வொரு திறனையும் பழக்குற ஆள் கையெழுத்து வைக்கோணும். கனபேர் அதை அலுமாரியில வைச்சுப்போட்டு அஞ்சாம் வருசம் தேடுகினம், அப்ப கையெழுத்து வைக்க வேண்டிய ஆள் வேற கொம்பனிக்குப் போய் ரெண்டு வருசம். மாசக்கடைசியில ஒருநாள் இருந்து கையெழுத்து எடுங்கோ. மணித்தியாலக் கணக்கை நீங்களும் ஒரு கொப்பியில எழுதுங்கோ, பேய் ஸ்ரப் எல்லாம் போன்ல படம் எடுத்து வையுங்கோ. கொம்பனி இழுத்து மூடினாலும் கணக்கு உங்களோட இருக்கும்.

எல்லாம் முடிய சோதினை, நாலு விடையில ஒண்டைத் தெரிவு செய்யிற மாதிரி, 70 வீதம் வேணும். வேலை தெரிஞ்ச ஆக்கள்தான் இதில கூட விழுகினம், ஏனெண்டா கேள்வி கைவேலையைக் கேக்காது, கோட் (வேலை விதி) புத்தகத்தையும் கரண்ட் டயகிராமையும் கேக்கும்.

வெளிநாட்டில ஏற்கனவே செய்த ஆக்களுக்கு வேற வாசல் இருக்கு, ட்ரேட் இக்விவேலன்சி அசெஸ்மென்ற் எண்டு. இருநூறு டொலருக்கு மேல ஒரு கட்டணம், உங்கட அனுபவத்தைப் பாத்து அப்பிரண்டிஸ்ஷிப் இல்லாமலே சோதினை எழுத விடுவினம். அவை பாக்கிறது எத்தினை மணித்தியாலம், என்ன வேலை, ஆர் சாட்சி. மொறட்டுவ ஜேர்மன் ரெக்ல படிச்சனான், என்விகியூ (இலங்கைத் தொழில் தகுதி) இருக்கு எண்டுறது உதவும், ஆனா அது தனியக் காணாது, வேலை செய்த கொம்பனியின்ர லெற்றர்ஹெட்ல, எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி, என்ன மெசின், என்ன வேலை எண்டு விபரமா கடிதம் வேணும். "இவர் நல்லவர், வல்லவர்" எண்டு ரெண்டு வரி எழுதின கடிதத்தை வைச்சு ஒண்டும் செய்யேலாது. அரபியில இருந்தா மொழிபெயர்ப்பும் எடுக்கோணும். இன்னும் கல்ஃப்ல நிக்கிற ஆக்கள் ஆராவது இதை வாசிச்சா, பிளேன் ஏறமுதல் அந்தக் கடிதத்தை வாங்கிப்போடுங்கோ, பிறகு போன்ல கேட்டு எடுக்கிறது சீவன் போற வேலை.

இதோட ஓடிபி கார்ட், ஓசோன் படையைக் காக்கிற பயிற்சிக்கான கார்ட். ரெஃப்ரிஜரன்றைத் தொடுற ஆர் எண்டாலும் இது வேணும், ஒருநாள் வகுப்பு, சோதினை, எச்ஆர்ஏஐ எண்ட ஏசி, ஹீற்றிங் தொழில் சங்கம் நடத்துது. சின்னக் கார்ட்தான், ஆனா இது இல்லாமல் சப்ளை கடையில சிலிண்டர் தரமாட்டினம். பழைய ஏசியைக் கழட்டேக்க லைனை வெட்டி "புஸ்" எண்டு வெளிய விடுற பழக்கம் இருந்தா இண்டைக்கே விடுங்கோ, அது சட்டப்படி குற்றம், ரிக்கவரி மெசின் போட்டு சிலிண்டருக்குள்ள எடுக்கோணும். இப்ப வாற புது வீட்டு யூனிற்றுகள் ஆர்-454பி, ஆர்-32 எண்ட ரெஃப்ரிஜரன்றோட வருது, முந்தின ஆர்-410ஏ மாதிரி இல்லை, இது மெல்ல நெருப்புப் பிடிக்கக்கூடிய வகை. பழைய ரிக்கவரி மெசின், பழைய லீக் டிடெக்ரர் இதுக்குச் சரிவராது, அந்த வகைக்கு எண்டு எழுதினதைத்தான் வாங்கோணும். செக்கன்ட் ஹாண்டில மலிவா ரூல்ஸ் வாங்கப் போற ஆக்கள் இதைக் கவனியுங்கோ.

இனி காஸ் பக்கம். டிஎஸ்எஸ்ஏ அங்கீகரிச்ச இடத்தில படிச்சு, சோதினையில 75 வீதம் எடுத்தா ஜி3. அதோட நீங்கள் ஜி2 இல்லாட்டி ஜி1 ஆளின்ர மேற்பார்வையிலதான் வேலை செய்யலாம், தனியப் போய் ஃபேர்னஸ் பூட்டேலாது. உங்களை "ஜி3 எடுத்தாச்சு, இனி நீ தனியப் போ" எண்டு அனுப்புற முதலாளி, பிரச்சினை வந்தா "நான் அனுப்பேல்லையே" எண்டுதான் சொல்லுவார். பிறகு மிச்ச மொடியூல்களும் படிச்சு ஜி2. ஜி2 எண்டா 400,000 பிரியூ (சூட்டின்ர அளவு) வரைக்கும் தனியச் செய்யலாம், சாதாரண வீட்டு ஃபேர்னஸ் 60,000, 80,000, பெரிசெண்டா 100,000 அந்த அளவு, அதால வீட்டு வேலைக்கு ஜி2 தாராளம். ஜி1க்கு எல்லை இல்லை, பெரிய கட்டிடத்து போய்லர் வேலைக்குப் போனா தேவைப்படும். படிக்கிற கோட் புத்தகம் சிஎஸ்ஏ பி149.1, அதை வான்ல வைச்சிருங்கோ, நான் இப்பவும் பாக்கிறனான்.

ஏன் இவ்வளவு இறுக்கம் எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன். 2008 டிசம்பர்ல ஒன்ராறியோ உட்ஸ்டொக்ல ஒரு வீட்டில காஸ் ஃபயர்பிளேசின்ர புகை போற வழி அடைபட்டு, காபன் மொனொக்சைட் வீட்டுக்குள்ள திரும்பி, தாய், தகப்பன், ரெண்டு பிள்ளையள், நாலு பேரும் செத்துப்போச்சினம். தாய் ஒரு மாகாணப் பொலிஸ் அதிகாரி. அதுக்குப் பிறகுதான் வீடுகளில காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம் எண்ட ஹோக்கின்ஸ் ஜின்யாக் சட்டம் 2013ல வந்தது. அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. நீங்கள் பூட்டின ஒரு வென்ற் பைப் (புகை வெளிய போற குழாய்) சரியா ஒட்டாட்டி அது உங்கட பேரில.

பைப் எண்டேக்க, ஹை எஃபிசியன்சி ஃபேர்னஸின்ர புகைக் குழாய்க்கு ஹோம் டிப்போவில கிடைக்கிற சாதாரண வெள்ளை பிளம்பிங் பைப்பைப் போடுற ஆக்கள் இன்னும் இருக்கினம். கூடாது. யூஎல்சி எஸ்636 எண்டு அடிச்சிருக்கிற வென்ற் பைப்தான் வேணும், பசையும் அதே கொம்பனியின்ரயா இருக்கோணும். இன்னொரு பொறி, பழைய ஃபேர்னஸும் வோட்டர் ஹீற்றரும் ஒரே சிம்னியில போயிருக்கும், நீங்கள் புது ஃபேர்னஸைப் பூட்டி அதின்ர புகையைச் சுவரால வெளிய விட்டா, அந்தப் பெரிய சிம்னியில வோட்டர் ஹீற்றர் தனிச்சு நிக்கும், சிம்னி சூடாகாது, புகை மேல ஏறாமல் கீழ வரப் பாக்கும். சிம்னிக்குள்ள லைனர் எண்ட ஒடுங்கின குழாய் போடோணும். கோட்டேசன் குடுக்கேக்கயே இதைக் கணக்கில எடுங்கோ, பிறகு போய் "இன்னும் 800 டொலர் தாங்கோ" எண்டு கேட்டா மனுசர் கள்ளன் எண்டுதான் நினைப்பினம்.

ஜி2 எடுத்த உடன உங்களுக்கு ஒரு கடமையும் வருது, ஆபத்தான நிலையில ஒரு அப்ளையன்சைக் கண்டா ராக் (எச்சரிக்கைச் சிட்டை) போடோணும். உடனடி ஆபத்து எண்டா ஏ ராக், காஸை மூடோணும், ஜனவரி மைனஸ் 20 எண்டாலும் மூடோணும். அவ்வளவு அவசரம் இல்லாட்டி பி ராக், திருத்த நாள் குடுக்கலாம். மாமி வீடு, மச்சான் வீடு எண்டு பாத்து விட்டிட்டு வாற ஆக்கள் இருக்கினம். எனக்கும் ஒருக்கா ஒரு சொந்தக்காரர் வீட்டில ஏ ராக் போட்டு ரெண்டு வருசம் அவை என்னோட கதைக்கேல்ல. இப்ப கதைக்கினம்.

இவ்வளவும் ஆளுக்கு உள்ள கார்ட். சொந்தமா கொம்பனி தொடங்கிறது வேற கணக்கு, உங்களிட்ட ஜி2 இருக்கு எண்டதுக்காக உங்கட கொம்பனி காஸ் வேலை செய்யலாம் எண்டு இல்லை. இந்த இடத்திலதான் கனபேர் மாட்டுப்படுகினம்.

முதல் வியாபாரப் பேர் பதியோணும், ஒன்ராறியோ பிஸ்னஸ் றெஜிஸ்ரியில ஒன்லைனிலயே செய்யலாம், தனியாள் எண்டா 60 டொலர், அஞ்சு வருசத்துக்கு. இன்கோர்ப்பரேற் பண்ணினா 300. ஆரம்பத்தில எது எண்டு கணக்காளரிட்ட ஒருக்காக் கேளுங்கோ, எனக்கெண்டா காஸ் வேலை செய்யிற ஆள் தன்ர வீட்டையும் வியாபாரத்தையும் பிரிச்சு வைக்கிறது நல்லதெண்டு படுது.

பிறகு அந்தக் கொம்பனியை டிஎஸ்எஸ்ஏயில கொன்ராக்டரா பதியோணும், இது உங்கட ஜி2 கார்ட் இல்லை, வேற பதிவு, வேற கட்டணம், புதுப்பிக்கவும் வேணும். கொம்பனி பேர்ல பதிவில்லாமல் ஃபேர்னஸ் பூட்டினா, கார்ட் உள்ள ஆள் பூட்டினதெண்டாலும் பிழைதான்.

எச்எஸ்ரி (விற்பனை வரி), நாலு காலாண்டில மொத்த வருமானம் 30,000 டொலரைத் தாண்டினா பதியக் கட்டாயம், 13 வீதம் வாங்கிக் கட்டோணும். ஃபேர்னஸ், ஏசி ரெண்டும் பூட்டிற ஒரு வேலையே பல ஆயிரம், ஒரு சீசன்ல தாண்டிப்போகும், அதால நான் முதல்நாளே பதிஞ்சிட்டன், வான், ரூல்ஸ் வாங்கின எச்எஸ்ரியைத் திருப்பி எடுக்கலாமெல்லே.

டபிள்யூஎஸ்ஐபி, அதாவது வேலையில காயப்பட்டா காசு குடுக்கிற மாகாணக் காப்புறுதி. "நான் ஒருத்தன்தானே, எனக்கேன்" எண்டு சொல்லாதேங்கோ. 2013 ஜனவரியில இருந்து கட்டுமானத் துறையில தனியாளா செய்யிற ஆக்களுக்கும் கட்டாயம், ஏசி ஃபேர்னஸ் பூட்டிறது அதுக்குள்ள வருது. வீட்டுக்காரர் நேரடியா உங்களைக் கூப்பிட்டு அவையின்ர வீட்டில செய்யிற திருத்த வேலை மட்டுமே செய்தா ஒரு விலக்கு இருக்கு, ஆனா ஒரே ஒரு பில்டருக்கு சப் (உப ஒப்பந்தம்) எடுத்தாலும் அது போச்சு. ஆளை வேலைக்கு எடுத்தா 10 நாளுக்குள்ள பதியோணும். பெரிய கொம்பனி உங்களுக்கு வேலை தரமுதல் கிளியரன்ஸ் சேர்டிபிகேற் (டபிள்யூஎஸ்ஐபிக்குக் கட்டவேண்டியது கட்டியிருக்கு எண்ட பத்திரம்) கேக்கும், அது ஆகக்கூடினது 90 நாள்தான் செல்லும், திருப்பித் திருப்பி எடுக்கோணும். லயபிலிற்றி இன்சூரன்சும் அதே கதை, ரெண்டு மில்லியன் இருக்கோ எண்டு கேக்கிறதுதான் இஞ்ச வழமை. கூரை யூனிற் வேலைக்குப் போறதெண்டா வேர்க்கிங் அற் ஹைற்ஸ் (உயரத்தில வேலை செய்யிற பாதுகாப்பு) கோர்ஸ் கார்ட், மூண்டு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிறது.

சிற்றி லைசன்ஸ் எண்டு ஒண்டும் இருக்கு. ரொறன்ரோ சிற்றி ஹீற்றிங் கொன்ராக்டர் வேலைக்குத் தன்ர லைசன்ஸ் கேக்குது, மாகாணக் கார்ட் இருந்தாலும். மார்க்கம், பிக்கரிங், பிரம்ரன் எல்லாம் ஒவ்வொரு விதம், நீங்கள் எந்த ஊரில வேலை எடுக்கிறியளோ அந்த முனிசிபாலிற்றிக்குப் போன் எடுத்து ஒருக்காக் கேக்கிறதுதான் சரி, பக்கத்து வான்காரன் சொல்லுறதைக் கேட்டு நம்பாதேங்கோ.

கரண்ட். புது ஏசிக்கு பனல்ல இருந்து புது சேர்க்கிற் இழுக்கோணும் எண்டா அது லைசன்ஸ் உள்ள எலெக்ரிக்கல் கொன்ராக்டரின்ர வேலை, ஈஎஸ்ஏக்கு (மாகாண மின்சாரப் பாதுகாப்பு அமைப்பு) அறிவிச்சுத்தான் செய்யோணும், பிந்தினாலும் வேலை தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள்ள அறிவிக்கோணும். எனக்கு ஊரில வயரிங் தெரியும் எண்டு தொடாதேங்கோ. ஒரு எலெக்ரிசியனோட நல்ல உறவு வைச்சிருங்கோ, அவர் உங்களுக்கு வேலை அனுப்புவார், நீங்கள் அவருக்கு அனுப்பலாம்.

இனி பேர்மிற். இருக்கிற ஃபேர்னஸைக் கழட்டி அதே இடத்தில அதே மாதிரி ஒண்டு வைக்கிறது ஒரு விசயம், புதுசா டக்ற் போடுறது, சிஸ்ரத்தை மாத்துறது, வீட்டில கூட்டிக்கட்டுறது வேற விசயம். ரெண்டாவது வகைக்கு பில்டிங் பேர்மிற் வேணும், வரைபடம் வேணும், வீடு எவ்வளவு சூட்டை இழக்குது, எவ்வளவு எடுக்குது எண்ட கணக்கு சிஎஸ்ஏ எஃப்280 முறையில வேணும். அதைப் போடுற ஆளுக்கு பிசிஐஎன் நம்பர் (பில்டிங் கோட் வேலைக்கான பதிவு நம்பர்) இருக்கோணும், ஹவுஸ் எச்விஏசி சோதினை பாஸ் பண்ணி இருக்கோணும். நீங்களே அந்தச் சோதினையை எழுதலாம், இல்லாட்டி காசு குடுத்து டிசைனரிட்ட எடுக்கலாம், நான் எடுப்பிக்கிறனான். 2025 ஜனவரி 1ல இருந்து புது பில்டிங் கோட், பழைய வீட்டின்ர வரைபடத்தைக் கொப்பி அடிச்சுக் குடுத்தா திருப்பி அனுப்புவினம்.

எங்கட ஆக்களுக்கு கூட வாற வேலை பேஸ்மென்ற் அப்பார்ட்மென்ற், அதால அதை மட்டும் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். வீட்டுக்காரர் கூப்பிட்டு "கீழ ரெண்டு வென்ற் மட்டும் கூட்டி விடுங்கோ தம்பி, வாடகைக்கு விடப் போறன்" எண்டுவார். ரெண்டு வென்ற் இல்லை அது. சட்டப்படி வாடகைக்கு விடுறதெண்டா அது ரெண்டாவது வீடு, பேர்மிற் வேணும், மேல கீழ ரெண்டு பேருக்கும் ஒரே ஃபேர்னஸ் காத்தை அனுப்பினா கீழ புகை வந்தா மேலயும் போகும், அதால இருக்கிற வீட்டில அப்பிடிப் பகிர விடுறதுக்கு டக்ற்ல ஸ்மோக் டிடெக்ரர் போட்டு, புகை கண்டால் ஃபேர்னஸின்ர கரண்டும் காஸும் நிக்கிற மாதிரிச் செய்யக் கேப்பினம். டக்ற் தீத்தடுப்புச் சுவரைத் தாண்டிற இடத்தையும் பாப்பினம். ட்ரைவோல் அடிச்சு மூடமுதல் இன்ஸ்பெக்ரரைக் கூப்பிடோணும், மூடிப்போட்டுக் கூப்பிட்டா வெட்டிக் காட்டச் சொல்லுவினம். வீட்டுக்கான பேர்மிற்றுக்கு விண்ணப்பம் முழுசா இருந்தா 10 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும் எண்டு சட்டம் இருக்கு, பிந்துறதெல்லாம் கூடுதலா எங்கட பேப்பர் குறைஞ்சதாலதான். பேர்மிற் இல்லாமல் செய்து பிடிபட்டா ஓடர் வீட்டுக்காரர் பேரில வரும், ஆனா அவர் உங்கட நம்பரைத்தான் எல்லாருக்கும் குடுப்பார்.

விக்கிற பக்கமும் சட்டம் இருக்கு, இது லைசன்ஸ் இல்லை, ஆனா புதுசா வாற பெடியளை சில ஆக்கள் கொமிசன் எண்டு சொல்லிக் கதவு தட்ட அனுப்பினவை, அதால எழுதுறன். 2018 மார்ச் 1ல இருந்து, வீட்டுக்காரர் கூப்பிடாமல் வாசல்ல போய் ஃபேர்னஸ், ஏசி, வோட்டர் ஹீற்றர் விக்கிறது ஒன்ராறியோவில தடை. அவர் கூப்பிட்டுப் போய் வீட்டில வைச்சு எழுதின ஒப்பந்தம் எண்டாலும் 10 நாளுக்குள்ள அவர் காரணம் சொல்லாமல் விடலாம், அதால கையெழுத்து வாங்கின அடுத்தநாளே ஸ்பெசல் ஓடர் யூனிற் எடுத்து வைக்கேக்க யோசியுங்கோ. வாடகை ஃபேர்னஸ் எண்டு குடுத்து வீட்டு உறுதியில நோசி (பூட்டின சாமானில தங்களுக்கு உரிமை இருக்கெண்ட அறிவித்தல்) பதியிற விளையாட்டும் 2024 ஜூன் 6ஓட முடிஞ்சுது. எத்தினை வயசுபோன ஆக்கள் வீடு விக்கேக்கதான் அதைக் கண்டுபிடிச்சவை.

வேலை முடிஞ்சு வெளிக்கிடமுதல் செய்யிறது: காஸ் பிரசர், டெம்பரேச்சர் வித்தியாசம் எல்லாம் அளந்து ஒரு தாளில எழுதி, ஒரு கொப்பி ஃபேர்னஸ் பக்கத்தில, ஒண்டு உங்களிட்ட. கார்ட் நம்பர், கொம்பனி பதிவு நம்பர் இன்வொய்ஸ்ல. வாரன்ரியை அந்த வீட்டுக்காரர் பேரில நீங்களே ஒன்லைனில பதிஞ்சு குடுங்கோ, கன கொம்பனியள் 60 இல்லாட்டி 90 நாளுக்குள்ள பதிஞ்சாத்தான் 10 வருசம் தருகினம், இல்லாட்டி அஞ்சுதான், அவையாப் பதியமாட்டினம், ஏழாம் வருசம் கொம்பிரசர் போகேக்க உங்களுக்குத்தான் போன் வரும்.